சம்மந்திக்கு எரிவு கூடிப்போச்சு

நேசையன் வீட்டுத் தென்னைமரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பும் காவியும் அடித்து முடித்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பெய்த ஐப்பசி மழையில் காவி கரைந்து வழிந்து, சனிக்கிழமை விடியும்போது முற்றம் யாரையோ வெட்டிப் போட்ட இடம்போல் கிடந்தது. அதை மூன்று வாளித் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் நேசம்மாள் அன்றைய பாட்டைத் தொடங்கினாள்.

லேசான பாடு அல்ல.

இந்தத் தொடரோடு கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இந்த வாரம் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நேசம்மாளின் மூத்த மகள் பிரீனாவுக்கும், மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஜெபிஷுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. முடிந்தது என்றால், ஒன்றைத் தவிர எல்லாம். கல்யாணம் எங்கே என்பதுதான் அந்த ஒன்று.

திருவட்டாறு பக்கத்தில் பெண்ணின் சொந்தச் சபையில் என்றார் நேசையன். மாப்பிள்ளை வீட்டுச் சபையில்தான், அதாவது சென்னையில்தான் என்றார் பையனின் அப்பா ஞானதாசன். சென்னை என்றால் குளிரூட்டிய மண்டபம், அவருடைய பழைய மேலதிகாரிகளுக்கு முன்வரிசை நாற்காலி. நேசம்மாளின் ஆட்களில் பாதிப்பேர் அங்கே வந்து சேர மாட்டார்கள். தன் மகள் கல்யாணத்தில் தானே விருந்தாளியாகப் போய் ஓரமாக நிற்க வேண்டியதுதான். மூன்று மாதமாக இரண்டு அப்பாமாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மிகுந்த மரியாதையோடு விட்டுக்கொடுக்கவில்லை.

இனி இழுக்க நாள் இல்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ‘ஓலை’ வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை கேட்க வாசிக்கிற அறிவிப்பு. நாளைக்கு அறுப்பின் பண்டிகை. நாளைக்கே முதல் ஓலை வாசித்தால்தான் ஜெபிஷின் லீவு முடிவதற்குள் கல்யாணம் நடக்கும். தவறினால் அவன் மஸ்கட் போய்த் திரும்பி வர ஒன்றரை வருஷம். ஓலைப் படிவம் இன்று மாலை ஐந்து மணிக்குள் கல்யாணம் நடக்கிற சபையின் போதகருக்குப் போய்ச் சேர வேண்டும், இரண்டு அப்பாமார் கையெழுத்தோடு.

அதற்காகத்தான் ஞானதாசன் குடும்பம் நாகர்கோவிலில் ரயில் இறங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறது.

*

நேசையன் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அலுவலகத்திலிருந்துதான்; கண்காணிப்பிலிருந்து அல்ல.

வீட்டைச் சுற்றி எட்டு சென்ட் தோட்டம். அதன் வாசலில் ‘நேசம் இயற்கை வேளாண் மாதிரிப் பண்ணை’ என்று பலகை வைத்திருந்தார். நேசம் என்பது நேசையனா நேசம்மாளா என்று பலகை சொல்லவில்லை. மண்வெட்டிக்குத் தெரியும். சேனை, காய்ச்சில், தடியங்காய், மரச்சீனி எல்லாம் நேசம்மாள் நட்டது. ஒவ்வொன்றின் முன்னாலும் லத்தீன் பெயரெழுதிய சிறு பலகை நட்டது அவர். மரச்சீனிக்கு ‘மனிஹாட் எஸ்குலென்டா’. பலகை நட்ட நாளிலிருந்து அது இன்னும் நன்றாகக் கிழங்கு விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு விஷயத்திலும் அவருக்குத் திட்டம் இருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து பிரியாணி, பொரித்த கோழி, கண்ணாடிக் கிண்ணத்தில் புட்டிங்.

“சென்னைக்காரங்க முன்னால கிழங்க அவிச்சு வச்சா என்ன நெனைப்பாங்க?”

“மாப்பிள்ள கேட்டது அதைத்தான்” என்றாள் நேசம்மாள். “மஸ்கட்டுலேர்ந்து பிரீனாகிட்ட ஃபோன்ல சொல்லியிருக்கு. கிழங்கும் சம்மந்தியும் வேணுமாம். பிரியாணி அங்க தெருவுக்குத் தெரு கிட்டுமாம்.”

கடைசியில் இரண்டும் என்று முடிவானது.

இங்கே ஒரு விளக்கம். இந்தப் பக்கத்தில் சம்மந்தி இரண்டு வகை. ஒன்று, பெண் கொடுத்த அல்லது எடுத்த வீட்டார். மற்றது, தேங்காய், வற்றல் மிளகாய், சின்ன உள்ளி, புளி வைத்துக் கெட்டியாக அரைப்பது. அவித்த கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள. பக்குவம் தவறினால் இரண்டும் எரியும். எந்தச் சம்மந்தி என்பது பேச்சின் போக்கில் தானே விளங்கிவிடும். தக்கலை தாண்டி மேற்கே இதுவரை யாரும் குழம்பியதில்லை.

அன்று காலை பத்து மணிக்குச் சம்மந்தி அரைத்தது இளைய மகள் ஜினி. கல்லூரியில் மூன்றாம் வருஷம். மிளகாயை எண்ணிப் போடும் வயசு இன்னும் வரவில்லை. நேசம்மாள் அவசரத்தில் ஒரு விரல் நக்கிவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் அசனத்துக்கு, அதாவது பண்டிகைக்குச் சபை போடும் பொதுச் சாப்பாட்டுக்கு, காய்கறி நறுக்கும் பொறுப்பு அவளுடைய பெண்கள் சங்கத்துக்கு. எரிவு நாக்கில் ஏறியது வழியில்தான். கோயில் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

அரைப் பானை தண்ணீர் குடித்தாள். தடியங்காய்ச் சாறு வழுக்கிய கையோடு ஃபோனை எடுத்தாள். எழுத நேரமில்லை. குரலாகவே அனுப்பிவிடலாம்.

வாட்ஸாப்பில் மேலாக இருந்தது ஜினியின் பெயர். நேசம்மாளின் விரல் இறங்கிய அதே நொடியில், வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்த நேசையன், ‘ஜெபிஷ் – பிரீனா திருமண ஏற்பாட்டுக் குழு’வில் ஒரு சுற்றறிக்கை போட்டார். பொருள்: விருந்தினர் வருகை. குழு துள்ளி மேலே வந்தது. ஜினி ஒரு படி கீழே இறங்கினாள். நேசம்மாள் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

“ஏட்டி ஜினி, கேட்டியா? அந்தச் சம்மந்தி நமக்கு வேண்டாம். எரிவு கூடிப்போச்சு. பாக்கதுக்கு நல்ல செவப்பா லட்சணமாத்தான் இருக்கு, ஆனா வாயில வைக்கக் கொள்ளாது. அப்பாவுக்கு ஒருநாளும் சேராது. பேசாம எடுத்து வாழமூட்டுல தட்டிட்டு, நல்ல சம்மந்தியா வேற ஒண்ணு புதுசாப் பாரு. இந்தத் தடவ அம்மியில போட்டு நல்லா நசுக்கு. மிக்சியில போட்டா கொழஞ்சுல்லா கெடக்கும். புளி கொஞ்சம் வச்சாத்தான் அடங்கும். ஆளு வாறதுக்குள்ள முடிச்சிரு மக்கா.”

முப்பத்தோரு நொடி. அனுப்பிவிட்டு, நிம்மதியாக அடுத்த தடியங்காயைக் கையில் எடுத்தாள்.

*

காய் பாதி நறுக்கியிருக்கும்போது ஜினி கூப்பிட்டாள்.

“அம்மா, நீ அதை எங்க போட்ட?”

“உனக்குத்தான்.”

“எனக்கில்ல. குழுவுல போட்டிருக்க. கல்யாணக் குழுவுல.”

நேசம்மாளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. குழுவில் நாற்பத்தொரு பேர். சம்மந்திக்கு எரிவு கூடிப்போனது அவர்களுக்கும் தெரிந்தால் என்ன குடி முழுகும்? பிறகு தான் சொன்னதை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். வாழமூட்டுக்கு வந்தபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, அழிச்சிரு.”

“நீதான் அழிக்கணும். இனி அழிச்சு என்னத்துக்கு? முப்பத்தாறு பேரு கேட்டாச்சு. ஜெபிஷ் அத்தானுக்க அப்பா பதிலும் போட்டாச்சு.”

“என்ன போட்டிருக்காரு?”

“‘கேட்டோம். மகிழ்ச்சி. வந்துகொண்டிருக்கிறோம்.’”

அந்த மகிழ்ச்சி என்ற சொல்தான் நேசம்மாளைப் பயமுறுத்தியது. திட்டியிருந்தால்கூடப் பதில் பேசலாம்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் நேசையன் நிலைமையைச் சீர்செய்துவிட்டிருந்தார். குழுவில் புதிய சுற்றறிக்கை: ‘பார்வையில் கண்ட குரல்பதிவில் சம்மந்தி எனக் குறிப்பிடப்பட்டிருப்பது உணவுப்பொருளையே அன்றி நபரை அல்ல என்பது இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது. மேற்படி நபர் மீது இக்குடும்பத்துக்குப் பெரும் மதிப்பு உண்டு.’

அதுவரை குரல்பதிவைக் கேட்காமலிருந்த ஐந்து பேரும் அதைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

“மேற்படி நபரா?” என்றாள் நேசம்மாள்.

“ஆவணத்துல அப்படித்தான் எழுதணும்.”

கூடத்து ஓரத்தில் பிரீனா நின்றாள். பச்சைப் பட்டுச் சேலை, ஒரு பக்கம் மட்டும் குத்திய பின். மறு பக்கத்துப் பின் கையிலேயே இருந்தது. அவள் அழவில்லை. அழுதால் நேசம்மாளுக்கு எதையாவது சொல்லித் தேற்ற வழி இருந்திருக்கும்.

“ஜெபிஷ் என்ன சொல்லுது மக்கா?”

“ஃபோன் எடுக்கல்லம்மா. அப்பா பக்கத்துல இருக்காங்கபோல.”

*

கார் பன்னிரண்டரைக்கு வந்தது.

ஞானதாசன் உயரமானவர். தோளை எப்போதும் சற்றே பின்னுக்குச் சாய்த்து நடப்பார். புகைப்படத்துக்கு நிற்பதுபோல் இருக்கும். சென்னையில் முப்பத்திரண்டு வருஷம் பெரிய நிறுவனமொன்றில் இருந்து துணைப் பொதுமேலாளராக ஓய்வு பெற்றவர். பூர்வீகம் நாகர்கோவில் டவுன் என்று ஒருமுறை சொல்லியிருந்தார்; அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவருடைய தமிழில் எந்த ஊரும் கிடையாது. மேடையிலிருந்து நேராக இறங்கி வந்த தமிழ்.

பின்னால் மனைவி லில்லிபாய். காரிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டையால் வாயை மூடியிருந்தாள். நேசம்மாள் வணக்கம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். குட்டை வாயிலிருந்து இறங்கவில்லை. அவளுக்கும் அவ்வளவு கோபமா என்று நேசம்மாள் நினைத்தாள். கடைசியாக இறங்கிய ஜெபிஷ் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றினான்.

“வாருங்க, வாருங்க” என்றார் நேசையன். “முதல்ல பண்ணையைப் பாத்துருவோம்.”

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் பண்ணையைக் காட்டுகிறார் மனுஷன். ஆனால் ஞானதாசன் மறுக்கவில்லை. கோபத்தை எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்குக் கணக்கு இருந்தது.

தோட்டத்தில் இரண்டு பெரியவர்களும் முன்னால் நடந்தார்கள். ஞானதாசன் ஒரு செடியின் முன் நின்றார்.

“இது என்ன செடி, சார்?”

“மனிஹாட் எஸ்குலென்டா.”

“ஓ. டேபியோகா? புத்தகத்துல படிச்சிருக்கேன்.”

லில்லிபாயின் கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று சொல்லலாம்.

அடுத்தது கத்திரி வரிசை. பன்னிரண்டு செடி, ஒவ்வொன்றிலும் காய், ஒரே உயரம், ஒரே பச்சை. நேசையனின் பெருமை. புதன்கிழமைவரை அந்த இடத்தில் வெறும் மண்தான் இருந்தது என்பது வீட்டில் நாலு பேருக்குத்தான் தெரியும்.

“விதை போட்டதிலிருந்து ஒரு சொட்டு ரசாயனம் கிடையாது” என்றார்.

ஞானதாசன் ஒரு காயைத் தொட்டுப் பார்க்க மெல்ல இழுத்தார். இரவு மழையில் மண் நெகிழ்ந்திருந்தது. செடி மொத்தமாக வந்தது, கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு. பையில் நர்சரியின் பெயரும் ஃபோன் நம்பரும் மஞ்சள் எழுத்தில்.



“இது நவீன முறை” என்றார் நேசையன்.

“அப்படியா” என்றார் ஞானதாசன். செடியைப் பையோடு குழியில் திரும்ப வைத்தார். அந்த ‘அப்படியா’வில் நேசையனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச உயரமும் போயிற்று. எதிராளி தளர்ந்துவிட்டான் என்று தெரிந்தவர்போல் ஞானதாசன் கூடத்துக்கு நடந்தார்.

*

கூடத்து மேஜையில் ஓலைப் படிவம் இருந்தது. ஒரு மூலையில் பேனா. ஞானதாசன் இரண்டையும் தொடவில்லை.

“நான் சுத்தி வளைச்சுப் பேசற ஆள் இல்ல, சார். கார்ல ஸ்பீக்கர்ல எல்லாரும் கேட்டோம். டிரைவர்கூட கேட்டாரு. என்னை வாழை மரத்தடியில கொட்டச் சொல்றாங்க. நசுக்கச் சொல்றாங்க. புளி வச்சு அடக்கச் சொல்றாங்க.”

“அது உணவுப்பொருள்” என்றார் நேசையன்.

“உங்க சுற்றறிக்கையும் படிச்சேன். அப்படி ஒரு உணவுப்பொருளை நான் கேள்விப்பட்டதில்ல. சட்னி தெரியும், துவையல் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தினார். “சரி. பிள்ளைங்க வாழ்க்கை. நான் பெரிய மனசு பண்ணத் தயார். ரெண்டு விஷயம். சம்மந்தியம்மா அதே குழுவுல, அதே மாதிரி குரல்ல, வருத்தம் தெரிவிக்கணும். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுச் சபையில. இந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுடறேன். இல்லேன்னா…”

மீதியைச் சொல்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

நேசையன் மனைவியை அடுக்களைக்குள் அழைத்துப் போனார்.

“ஒரு வார்த்த சொல்லிரு நேசம். நான் எழுதித் தாறேன். ‘என்னால் ஏற்பட்ட மனவருத்தத்துக்கு’ன்னு தொடங்கலாம்.”

“நான் கிழங்குக்குத் தொட்டுக்க வச்சதத்தானே சொன்னேன்? அதுக்கு மன்னிப்பு கேட்டா, அவரத்தான் சொன்னேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்? நாளைக்கு பிரீனா அந்த வீட்டுல ஒரு குழம்பு வச்சாக்கூட, ‘உனக்க அம்மை என்னைய வாழமூட்டுல தட்டச் சொன்னவ’ன்னு பேச்சு வரும். காலத்துக்கும் வரும்.”

“இப்பம் கையெழுத்து வேண்டாமா? மணி என்ன ஆச்சுன்னு பாத்தியா?”

வேண்டும். அதுதான் சிக்கல். மன்னிப்பு கேட்டால் கல்யாணம் நடக்கும். மகள் குனிந்த தலையோடு போவாள். கேட்காவிட்டால் ஒன்றரை வருஷம். அதற்குள் என்னென்ன மாறுமோ.

வாசலில் பிரீனா வந்து நின்றாள்.

“அம்மா, மன்னிப்பு கேக்காண்டாம்.”

“நீ சும்மா இரி” என்றார் நேசையன். “உனக்க கல்யாணம்.”

“எனக்க கல்யாணம்தான். அதுக்குத்தான் சொல்லுதேன்.”

நேசம்மாள் ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்து கிழங்கை இறக்கி, தண்ணீரை வடித்தாள். வெடித்து மலர்ந்த வெள்ளைக் கிழங்கு. ஜினி இரண்டாவது தடவை அரைத்த சம்மந்தி அம்மியிலேயே உருட்டி வைத்திருந்தது. அதை வெண்கலக் கிண்ணத்தில் எடுத்து, நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டாள். 

*

பிரியாணி இலைக்கு வருவதற்கு முன் கிழங்கு வந்தது. ஞானதாசனின் இலையில் நேசம்மாளே வைத்தாள். கிழங்குக்குப் பக்கத்தில் ஒரு நெல்லிக்காயளவு சம்மந்தி.

“நான் குரல்ல சொன்னது இதைத்தான்” என்றாள். சத்தம் உயரவில்லை. “காலையில அரைச்சது எரிவு கூடிப்போச்சு. அதை வாழமூட்டுல தட்டியாச்சு. இது புதுசு. சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க, நான் யாரிட்ட மன்னிப்பு கேக்கணும்னு.”

நேசையன் கண்ணை மூடிக்கொண்டார்.

“பார்க்க தேங்காய்த் துவையல் மாதிரி இருக்கு” என்றார் ஞானதாசன். “இதுக்குப் பேர்…”

“அப்பா” என்றான் ஜெபிஷ்.

“நான் பேசிட்டு இருக்கேன். இதுக்குப் பேர் சம்மந்தின்னு எந்த அகராதியில…”

அப்போதுதான் கைக்குட்டை இறங்கியது. லில்லிபாய் சிரித்தாள். காரில் ஏறியதிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பு. மூச்சு வாங்கியது, கண்ணில் நீர் வந்தது, ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். நேசம்மாளைப் பார்த்து வாயைத் திறந்தபோது வந்தது சென்னைத் தமிழ் அல்ல.

“எனக்க பொன்னு மைனி, இனி என்னால ஏலாது. காருல அதைக் கேட்டதும் இவரு மொதல்ல சொன்னது என்னன்னு கேளுங்க.”

“லில்லி.”

“‘சம்மந்திக்கு எதுக்குப் புளி? மாங்கால்லா வைக்கணும்’னாரு! நான் புளிதான்னேன். நாகருகோயிலுலேர்ந்து தக்கலை வரைக்கும் காருக்குள்ள மாங்காயா புளியான்னுதான் சண்ட. எனக்க அம்மை இப்பிடி வைப்பா, உனக்க அம்மை அப்பிடி வைப்பான்னு. டிரைவரு புளி பக்கம். தக்கலை தாண்டி அழகியமண்டபம் வந்தப்பந்தான் இவருக்குக் கோவமே வந்தது. ‘லில்லி, இதை வச்சு கல்யாணத்த மெட்ராசுக்கு மாத்திரலாம்’னு சொல்லிட்டுல்லா கோவப்பட்டாரு!”

ஜெபிஷ் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

“மாங்கோட்டுவிளைக்காரருக்கு சம்மந்தின்னா என்னன்னு தெரியாதாம்” என்று முடித்தாள் லில்லிபாய்.

மாங்கோட்டுவிளை என்றால் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் நூறு வீடு, ஒரு கோயில், ஒரு டீக்கடை. நாகர்கோவில் டவுன் அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது.

கூடத்தில் எல்லோரும் ஞானதாசனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேறு இடம் தேடினார்கள். நேசம்மாள் மட்டும் பார்த்தாள். தோள் முதன்முறையாக முன்னுக்கு வந்திருந்தது. மனுஷர் குள்ளமாகத் தெரிந்தார், கொஞ்சம் நல்லவராகவும். அவர் கிழங்கில் ஒரு துண்டு பிட்டு, சம்மந்தியில் ஒற்றி, வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டு பிட்டார்.

“மாங்கா இப்பம் கிட்டாதுல்லா?” என்றார்.

மேடைத் தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“ஐப்பசியில மாங்கா எங்க கிட்டும்?” என்றாள் நேசம்மாள். “இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டா?”

“வைங்க.”

*

பிரியாணியை கார் டிரைவர் மட்டும் முழுதாகச் சாப்பிட்டார்.

மன்னிப்புப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. ஆனால் பட்ட அடிக்கு ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் எழுந்திருக்க முடியும். கை கழுவிவிட்டு வந்த ஞானதாசன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: “மாப்பிள்ளை வீட்டுச் சபையிலதான் கல்யாணம். அது முறை. அதுல மட்டும் மாத்தமில்ல.”

காலியிடம் உள்ள படிவத்தில் கையெழுத்திடலாகாது என்று முப்பது வருஷம் கீழ் ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தவர் நேசையன். ‘திருமணம் நடைபெறும் இடம்’ என்ற வரி காலியாகவே இருந்தது. கத்திரிச்செடியை நினைத்தாரோ என்னவோ, அவரும் போட்டார்.

நேசம்மாள் மேஜையை விட்டு ஓரமாகப் போய் நின்றாள். அப்படியானால் சென்னைதான். ஜெயித்தது சம்மந்தி மட்டும், கல்யாணம் போய்விட்டது.

பிரீனா மேஜைக்கு வந்தாள். பெண்ணின் கையெழுத்துக்கு ஒரு கோடு மிச்சம் இருந்தது. போட்டாள். பேனாவை வைக்கவில்லை.

“மாமா, மாப்பிள்ளை வீட்டுச் சபைன்னுதானே சொன்னீங்க? அதை நானே எழுதட்டா?”

“எழுதும்மா.”

நிதானமாக எழுதினாள். நேசம்மாள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். கண்ணாடி இல்லை, ஆனாலும் அந்த எழுத்து பெரிதாகத்தான் இருந்தது.

மாங்கோட்டுவிளை.

“இது…” என்றார் ஞானதாசன்.

“உங்க வீட்டுச் சபைதானே மாமா?”

“அங்க நான் மெம்பரே இல்ல. முப்பது வருஷமாச்சு.”

“இருக்கிய” என்றாள் லில்லிபாய். “நான் பேர வெட்ட விடல்ல. வருஷா வருஷம் சபைக்குக் கடிதம் போட்டுப் புதுப்பிச்சிருக்கேன். இவனுக்க பேரும் அதுலதான் இருக்கு.”

ஜெபிஷ் முதன்முறையாக நிமிர்ந்து பிரீனாவைப் பார்த்தான். அவள் பேனா மூடியைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டாள். இந்த யோசனை ஒருத்தருடையது மட்டும் அல்ல என்று நேசம்மாளுக்கு அப்போது பட்டது.

ஆறு கிலோமீட்டர். மணிக்கொரு பஸ். தன் ஆட்கள் எல்லோரும் வருவார்கள்; கல்யாணச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கவும் தானே போகலாம்.  நேசையன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு குறையும் காணாமல் ஏமாந்தார். பிறகு கண்டுபிடித்தார்.

“ஒரு விஷயம். கல்யாணம் அங்கன்னா, முதல் ஓலையும் நாளைக்கு அங்க வாசிக்கணும். படிவம் அஞ்சு மணிக்குள்ள அங்க போகணும். சென்னைன்னா மெயில்ல அனுப்பிரலாம், இது நேர்லதான் குடுக்கணும். அந்தச் சபையில இப்பம் போதகர் இல்லன்னு கேள்வி. ஓலை வாங்கதும் வாசிக்கதும் செயலாளர்தான். யாரு செயலாளர்?”

லில்லிபாயின் சிரிப்பு அன்று முதன்முறையாக நின்றது.

“குமாரதாஸ்” என்றாள்.

“எந்த குமாரதாஸ்?”

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் ஜன்னலைப் பார்த்தார்.

“இவருக்க அண்ணன்” என்றாள். “கூடப்பெறந்தவரு. ரெண்டுபேரும் பேசிப் பதினேழு வருஷமாச்சு. மாப்பிள்ளைக்க அப்பா நேர்ல வந்து குடுக்காம ஓலை வாங்கமாட்டாரு.”

கடிகாரம் மூன்று இருபது காட்டியது. வெளியே மறுபடியும் மழை தூறத் தொடங்கியிருந்தது. தென்னையில் மிச்சமிருந்த காவி மெல்ல வழிந்தது.

நேசம்மாள் படிவத்தை இரண்டாக மடித்தாள். ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, ஞானதாசனின் முன்னால் நீட்டினாள்.

“நானும் கூட வாறேன்” என்றாள். “கார எடுக்கச் சொல்லுங்க.”

ஞானதாசன் கவரைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. கையை நீட்டவும் இல்லை.